ஒன்பது நாளுக்கு ஒருமுறை உறையும் பலகை

யுன்-ஷான் எங்கள் கம்பெனியில் சேர்ந்த முதல் வாரமே, அவளுக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் விட்டுப்போன கோப்புகளைத் திறந்து எனக்குக் காட்டினாள். மூல மென்பொருளின்மேல் ஒட்டுப்போட்டதுபோல் சேர்த்த திருத்தங்கள், இருநூற்றுப் பன்னிரண்டு. பாதிக்கு மேல் ஒரே குறிப்பு: தற்காலிகம்.

"ஆறு வருஷமா எல்லாமே தற்காலிகம்தான் அக்கா," என்றாள்.

பேருந்து நிறுத்தங்களில் அடுத்த வண்டி எத்தனை நிமிடத்தில் வரும் என்று காட்டும் பலகைகளை நாங்கள் செய்கிறோம். தைபே பக்கத்தில், சோங்ஹவில், ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடி. நான் சோதனைப் பிரிவு. அவள் பலகைக்குள் ஓடும் லினக்ஸ் மென்பொருளைத் துண்டு துண்டாகச் சேர்த்துக் கட்டுகிறவள். கட்டுவதற்கான கருவி எங்களுடையது அல்ல. பல நாட்டுப் பொறியாளர்கள் சேர்ந்து எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து வைத்தது. மேனேஜர் லியாவ் அதற்குச் சம்மதித்த ஒரே காரணம், இலவசம். ஆறு வருடம் முன்பு ஒரு பிரதி எடுத்தோம். அதன்பின் அவர்கள் புதுப்பித்த எதையும் நாங்கள் வாங்கவில்லை, நாங்கள் திருத்திய எதையும் கொடுக்கவும் இல்லை.

ஏப்ரலில், தெற்கே ஓர் ஊரில் பலகைகள் ஒன்பது நாளுக்கு ஒருமுறை உறைந்துபோகத் தொடங்கின. காலை எட்டே காலுக்கு வரவேண்டிய வண்டி, சாயங்காலம் வரை "இன்னும் மூன்று நிமிடம்" என்றே நின்றது.

மூன்று வாரம் தேடினாள். மேனேஜர் தினமும் காலையில் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார். ஒருநாள், இயந்திரம் ஒழுங்காக ஓடட்டும் என்று இந்த ஊர் நம்பிக்கைப்படி அவள் கணினியின் தலைமேல் வைத்திருந்த பச்சைத் தின்பண்டப் பொட்டலத்தைப் புரட்டித் தேதி பார்த்தார்.

"போன மாசமே காலாவதி. அப்புறம் எப்படி ஓடும்?"

"பொட்டலம் போன மாசம்தான், மேனேஜர். உள்ள ஓடுறது நாலு வருஷம் முன்னாடியே காலாவதி."

கருவியைப் பராமரிக்கிறவர்களின் அஞ்சல் குழுவில் கேட்டுப் பார்த்தாள். இரண்டே வரியில் பதில் வந்தது: இந்தப் பழைய பதிப்பை நாங்கள் கைவிட்டாயிற்று, புதியதில் சோதித்துவிட்டுச் சொல்லுங்கள். மேனேஜருக்கு முகம் சிவந்தது.

"கஸ்டமர்கிட்ட பேசுற பேச்சா இது?"

"நாம கஸ்டமர் இல்ல. சும்மா எடுத்துட்டு வந்தவங்க."

"அப்ப புதுசுக்கு மாத்து."

"நம்ம ஒட்டு அத்தனையும் அதோட மோதும். எல்லாருக்கும் உதவுற திருத்தத்தை அவங்களுக்கே அனுப்பிட்டா, அடுத்த தடவை நாம சுமக்க வேண்டாம்."

"நம்ம உழைப்பைத் தூக்கி எதிர் கம்பெனிக்குத் தரணுமா?"

"அவங்க உழைப்புலதானே நாம..."

"யாருக்கும் ஒரு வரி போகக் கூடாது. ரெண்டு வாரத்துல முடி," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் மதியம், சாப்பாட்டுப் பெட்டிகளை மூடி, விளக்கை அணைத்து, எல்லாரும் மேசையில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தோம். எனக்குத் தூக்கம் வரவில்லை. யுன்-ஷானின் திரை மட்டும் எரிந்தது.

"என்ன பண்றே?"

"ஒரே ஒரு திருத்தம் அவங்களுக்கு அனுப்புறேன். நெட்வொர்க் சில்லுக்கானது. நீங்க தூங்குங்க, நீங்க எதையும் பாக்கல."

அவளுடைய சொந்த அஞ்சலிலிருந்து போனது. கருவியைப் பராமரிக்கிறவர்கள் இரண்டு பிழை சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்; திருத்தினாள்; ஏற்றுக்கொண்டார்கள். நான்காம் நாள், போட்டிக் கம்பெனியின் பொறியாளர் ஃபாங் என்பவர் எழுதினார். தங்களுக்கும் அதே சில்லுதான், இந்தத் திருத்தம் பெரிய உதவி என்று நன்றி சொல்லிவிட்டு, 'அஞ்சல் குழுவில் உங்கள் கேள்வியைப் பார்த்தேன், பலகைகள் இன்னும் உறைகின்றனவா? அதை மூன்று வருடம் முன்பே சரிசெய்து பொதுக் கருவியிலேயே சேர்த்துவிட்டோமே, பார்க்கவில்லையா?' என்று கேட்டிருந்தார்.

பார்த்தாள். பதினோரு வரி. சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"மூணு வருஷமா நடுத்தெருவுல கிடந்திருக்கு அக்கா. நான் மூணு வாரமா வீட்டுக்குள்ள தோண்டிக்கிட்டிருந்தேன்."

அந்தப் பதினோரு வரியைப் பழைய பிரதியிலேயே சேர்த்தாள். இருபது நாள் ஓடவிட்டேன், ஒரு பலகைகூட உறையவில்லை. கூட்டத்தில் மேனேஜர், "நம்ம டீம் கண்டுபிடிச்சது," என்றார். ஃபாங்கின் பெயரை யுன்-ஷானே எழுந்து சொன்னாள். அவள் வெளியே அனுப்பியது அதில் தெரிந்துபோக, அவளிடம் விளக்கக் கடிதம் எழுதி வாங்கினார்கள்.

அதன்பின் ஒரு விதி வந்தது. வெளியே அனுப்பும் ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு படிவம், அதில் மூன்று கையெழுத்து: மேனேஜர், சட்டப் பிரிவு, விற்பனைப் பிரிவு. அவள் அந்த வாரமே நாற்பது படிவம் நிரப்பிக் கொடுத்தாள். ஐந்து மாதத்தில் ஒன்றே ஒன்றுதான் மூன்று கையெழுத்தோடு திரும்பி வந்தது, வெறும் ஓர் எழுத்துப் பிழைத் திருத்தத்துக்கானது.

"ஃபாங் கம்பெனிக்குப் போயிடேன். கூப்பிட்டாராமே," என்றேன்.

"விசாரிச்சேன். அங்க அஞ்சு கையெழுத்தாம். அந்தப் பதினோரு வரியையே அவர் சொந்த அஞ்சல்லேர்ந்துதான் அனுப்பினாராம்."

போன செவ்வாய்க்கிழமை மிச்சப் படிவங்களைக் கையில் எடுத்துக்கொண்டு, முதலில் மேனேஜர் எதிரில் உட்கார்ந்தாள். பிறகு சட்டப் பிரிவுக்குப் போய், ஒவ்வொன்றையும் படித்துக் காட்டி, கையெழுத்துப் போடும்வரை எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் முப்பத்தொன்பதிலும் இரண்டிரண்டு கையெழுத்தோடு வந்தாள். விற்பனை மேலாளர் மாத இறுதிவரை விடுப்பில் இருந்தார்.