கயிற்றில் இடமில்லை

எங்கள் படகைத் தொட்டு இழுக்க ஊரில் ஒருவரும் வரமாட்டார்கள். வலைத் தகராறு ஒன்றில் ஊர்ப் பஞ்சாயத்து போட்ட அபராதத்தைக் கட்டமாட்டேன் என்று என் வீட்டுக்காரர் தியாகு முரண்டு பிடித்தார். தப்பு யார் பக்கம் என்று என்னைக் கேட்காதீர்கள். நான் சொல்லத் தொடங்கினால் பொழுது விடிந்துவிடும்.

கடற்கரையில் ஒரு படகு வந்து சேர்ந்தால் பத்துப் பேர் ஓடிவந்து கயிற்றைப் பிடிப்பார்கள். இழுத்தவர்களுக்கு ஆளுக்குக் கொஞ்சம் மீன். அதுதான் வழக்கம். எங்கள் படகு வந்தால் மட்டும் அந்தப் பத்துப் பேருக்கும் வெற்றிலை போடும் நேரமாகிவிடும். இரண்டு வருஷமாக அந்தக் கயிற்றில் நான்கு கைகள்தான். என்னுடையவை இரண்டு, அவருடையவை இரண்டு.

அதனால் கடற்கரையை விட்டுவிட்டு உப்பனாற்றுக்கு வந்தோம். ஒற்றைப் பாய் கட்டிய சின்னப் பலகைப் படகு. ஆற்றில் அதை ஓட்ட இரண்டு பேர் போதும். ஆனால் ஐப்பசி வெள்ளத்தில் உப்பனாற்றங்கரையில் கட்டியது எதுவும் மிஞ்சாது. படகை மேட்டுக்கு ஏற்றியே ஆக வேண்டும், அது இரண்டு பேரால் முடிகிற காரியமில்லை. தியாகு சீர்காழிக்குப் போய் ஒரு பழைய ஜீப்பின் அச்சும் சக்கரங்களும் வாங்கி, பட்டறையில் இரும்புச் சட்டம் அடித்து ஒரு டிரெய்லர் செய்துகொண்டு வந்தார். படகின் வயிறு உரசாமலிருக்க டயர்த் துண்டுகளை வைத்துக் கட்டியது நான்.

டிரெய்லரை இழுக்கப் பஞ்சநதம் ஐயாவின் சிவப்பு டிராக்டர் வந்தது. ஆற்றுக்கு மேற்கே பரந்து கிடக்கும் வயல்கள் அவருடையவை. உச்சவரம்புச் சட்டம் வந்தபோது மச்சான் பேரில், மாமியார் பேரில், இன்னும் பிறக்காத பேரன் பேரிலெல்லாம் நிலத்தை எழுதி வைத்துவிட்டதாகப் பேச்சு. மற்றபடி கெட்டவர் இல்லை. மீன் குழம்பு என்றால் உயிரை விடுவார். அந்த ருசிக்காகவே ஆடியில் படகை இறக்கவும் ஐப்பசியில் ஏற்றவும் டிராக்டரோடு வருவார். ஏற்றிய படகு நிற்பதும் அவருடைய களத்து மேட்டில்தான். அந்தப் பக்கத்தில் வெள்ளம் ஏறாத மேடு அது ஒன்றே.

புது ஆட்சி வந்த வருஷம் ஆடியில் படகை இறக்கிய கூத்தைச் சொல்ல வேண்டும். டிராக்டரை முன்னால் ஓட்டும்போது பஞ்சநதம் ஐயா ராஜா. பின்னால் எடுக்கும்போது டிரெய்லர் அவர் பேச்சைக் கேட்காது. அவர் வலப்பக்கம் திருப்பினால் அது இடப்பக்கம் ஓடும்.

"ஒடிங்க ஐயா, இந்தப் பக்கம் ஒடிங்க!" என்று தியாகு கத்தினார்.

"எந்தப் பக்கம்யா? நீ கையக் காட்டுறது ஆத்தப் பாத்து, சொல்றது ரோட்டப் பாத்து!"

நான்கு முறை கரையேறி, நான்கு முறை இறங்கி, எப்படியோ சக்கரம் முழுகும் வரை தண்ணீருக்குள் போயிற்று. இனி படகு தானாக மிதக்க வேண்டும். மிதக்கவில்லை. தள்ளினோம். முட்டினோம். பஞ்சநதம் ஐயாவும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் தோள் கொடுத்தார். படகு டிரெய்லரையும் சேர்த்துத் தூக்கப் பார்த்ததே தவிர நகரவில்லை. அப்புறம்தான் நான் பின்னால் போய்ப் பார்த்தேன். படகை டிரெய்லரோடு கட்டியிருந்த பின்கயிற்றை அவிழ்க்கவே இல்லை.

"இந்தாங்க, கட்டுனது யாரு?" என்று கேட்டேன். தியாகு வானத்தைப் பார்த்தார். பஞ்சநதம் ஐயா சிரித்த சிரிப்பில் கொக்குகள் பறந்துபோயின. அன்று அவர் வீட்டுக்குப் போன கொடுவா மீன் என் முழங்கை நீளம் இருந்தது.

அவ்வளவு சிரிப்பும் ஐப்பசிக்குள் வற்றிப்போயிற்று. பஞ்சநதம் ஐயாவின் வயலில் குறுவை நெல் விளைந்து தலை சாய்ந்து நின்றது. அறுக்க ஆளில்லை. அறுக்கும் ஒவ்வொரு கலம் நெல்லுக்கும் அரைப்படி கூலி கூட்டிக் கொடுத்தால்தான் அரிவாளைத் தொடுவோம் என்று விவசாயத் தொழிலாளர்கள் சங்கக் கொடியை நட்டுவிட்டு ரோட்டுப் பாலத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். முப்பது பேர் இருப்பார்கள். அவர்களுக்குத் தலைவர் கண்ணுசாமி அண்ணன், சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனிதர். புது ஆட்சி ஏழைகளின் ஆட்சி என்று மேடைதோறும் முழங்கினார்கள். அரைப்படி மட்டும் மேடையை விட்டு இறங்கி வரவில்லை.

பஞ்சநதம் ஐயாவுக்கும் ஆள் இல்லை, எங்களுக்கும் ஆள் இல்லை என்று தியாகுவிடம் சொல்லிச் சிரித்தேன். சிரித்த வாய் மூடுவதற்குள் ரேடியோவில் புயல் என்றார்கள்.

மறுநாள் மத்தியானம் பஞ்சநதம் ஐயா டிராக்டரில் எங்கள் டிரெய்லரை மாட்டிக்கொண்டு கூப்பிடாமலே கரைக்கு வந்து நின்றார். சந்தோஷப்பட்டேன். அது அரை நிமிஷம்கூட நிலைக்கவில்லை.

"படகை ஏத்திடலாம் காளியம்மா. அதுக்கு முன்னால ஒரு சின்ன உதவி. அக்கரையில கொள்ளிடத்துக்கு அந்தாண்ட இருந்து ஆளுங்க வந்து நிக்கிறாங்க. பாலத்து வழியா வரவிட மாட்டானுங்க. ரெண்டு நடையா இக்கரைக்குக் கொண்டாந்து விட்ருங்க."

"அறுக்கவா ஐயா?"

"பின்ன, ஆத்துல குளிக்கவா? பொழுது சாய மழை வந்துரும். எனக்கு நெல்லு, உங்களுக்குப் படகு. ரெண்டும் பொழைக்கட்டும்."

அதாவது ஆள் வந்தால் டிராக்டர், ஆள் வராவிட்டால் படகு வெள்ளத்தோடு. நான் வாயைத் திறப்பதற்குள் தியாகு "சரிங்க ஐயா" என்று சொல்லிவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் அந்தப் படகு போனால் எங்களுக்கு அடுப்பு எரியாது. ஒரு வார்த்தை பேசாமல் ஏறி உட்கார்ந்தேன். நான் பேசாமலிருந்தால் தியாகுவுக்குக் காய்ச்சலே வந்துவிடும்.

வாடைக்காற்று பாயை நிறைத்துக்கொண்டு எங்களை அக்கரைக்குத் தள்ளியது. அங்கே ஆணும் பெண்ணுமாகப் பதினைந்து பேர், இடுப்பில் அரிவாள், தலையில் கூழ்ச்சட்டி. முதல் நடைக்கு எட்டுப் பேர் ஏறினார்கள். படகு சாயும்போதெல்லாம் ஒருவர் மடியில் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். பாதி ஆற்றில், நடுவயதுப் பெண் ஒருத்தி பாலத்தைக் காட்டிக் கேட்டாள்.

"அங்க என்ன தாயி கூட்டம்? திருவிழாவா?"

தியாகு சுக்கானைப் பார்த்தார். எனக்கு அதற்குமேல் முடியவில்லை.

"திருவிழா இல்ல. நீங்க அறுக்கப் போற வயலு அவங்க நட்டது. கலத்துக்கு அரைப்படி கூடக் கேட்டுப் பட்டினியா உக்காந்திருக்காங்க."

சிரிப்பு நின்றது. அந்தப் பெண் மற்றவர்களின் முகத்தைப் பார்த்தாள்.

"அரைப்படியா? எங்களுக்கு ஒரு படி கூடத் தர்றேன்னுல்ல ஆள் விட்டாரு!"

"ஒரு படியா?"

"ஆமா. ஆளில்லாம கெடக்கு, அவசரம்னாரு. போன தையில நாங்களும் இப்படித்தான் உக்காந்தோம். அப்ப வெளியாளு வந்து எங்க வயித்துல அடிச்சான். படகைத் திருப்பு தாயி."

"திருப்பிருவோம். அப்புறம் இது வெள்ளத்துல போயிரும்" என்றார் தியாகு மெதுவாக. அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் எங்கள் கயிற்றைத் தொடாமல் வெற்றிலை போட்டவர்கள் என் கண்முன்னால் வந்து நின்றார்கள். அந்த வெற்றிலைக்காரர்களில் ஒருத்தியாக நானும் ஆகவா?

"திருப்புங்க" என்றேன். என்னைப் பேச வைத்த சந்தோஷமோ என்னவோ, அவர் உடனே திருப்பினார்.

அவர்களை அக்கரையில் இறக்கிவிட்டு வெறும் படகோடு நாங்கள் வருவதைப் பஞ்சநதம் ஐயா பார்த்துக்கொண்டே நின்றார். கொக்கியைக் கழற்றி டிரெய்லரைக் கரைச் சேற்றில் விட்டுவிட்டு டிராக்டரில் ஏறிப் போய்விட்டார். திட்டியிருந்தாலாவது பதிலுக்குத் திட்டியிருப்பேன்.

மேகம் இறங்கிவிட்டது. நானும் தியாகுவும் டிரெய்லரைத் தண்ணீருக்குள் தள்ளினோம். படகின் மூக்கை அதன்மேல் ஏற்றி, முன்கயிறும் பின்கயிறும் கட்டினோம். இழுத்தோம். சக்கரம் சேற்றில் இன்னும் புதைந்ததுதான் மிச்சம். கயிறு கையை அறுத்தது. நான் பஞ்சநதத்தைத் திட்டினேன், பஞ்சாயத்தைத் திட்டினேன், தியாகுவைத் திட்டினேன், கடைசியில் உட்கார்ந்து அழுதேன்.

"தங்கச்சி, எந்தக் கயித்தப் புடிக்கணும்?"

கண்ணுசாமி அண்ணன். அவருக்குப் பின்னால் பாலத்துக் கூட்டம் முழுவதும். பாய் அக்கரைக்குப் போனதையும், ஆட்களை ஏற்றியதையும், நடு ஆற்றில் திரும்பியதையும் அவர்கள் பாலத்திலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

படகு இழுத்துப் பழக்கமில்லாதவர்கள். ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தார்கள். ஏலேலோ தெரியாது. தெரிந்தது கோஷம்தான். ஒருவர் "அரைப்படி!" என்றார், மற்றவர்கள் "வாங்குவோம்!" என்று ஒரே மூச்சில் இழுத்தார்கள். சக்கரம் அசைந்தது. அரைப்படி! வாங்குவோம்! சேறு உறிஞ்சி விட்டுக்கொடுத்தது. டிரெய்லர் கரையேறி, ரோட்டைக் கடந்து, வேறு மேடில்லாததால் நேராகப் பஞ்சநதம் ஐயாவின் களத்துக்குள் கோஷத்தோடு நுழைந்தது.

கோஷம் கேட்டு அவர் தூரத்து வீட்டிலிருந்து குடையோடு வந்தார். அந்த நேரம் பார்த்து மழை கொட்டியது. குடை மடங்கிப் பறந்தது. எல்லோரும் ஒதுங்க அங்கே இருந்த ஒரே கூரை என் படகின் பாய்தான். பாய்மரத்தைச் சாய்த்து அதன்மேல் பாயை விரித்தோம். உள்ளே பாதிப் பேர், டிரெய்லருக்கு அடியில் மீதிப் பேர். பஞ்சநதம் ஐயா நனைந்துகொண்டு நின்றார்.

"ஏறுங்க ஐயா, சளி புடிச்சுக்கும்" என்றேன். ஏறிக் கண்ணுசாமி அண்ணனை இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வேறு இடமில்லை.

வேட்டி நுனியைப் பிழிந்துகொண்டார். பிறகு அவர் கேட்டார்: "இழுத்ததுக்கு இவ என்ன குடுத்தா?"

"இன்னும் ஒண்ணும் கேக்கல" என்றார் கண்ணுசாமி அண்ணன்.

நான் விடவில்லை. "ஏன் ஐயா, வெளியாளுக்கு ஒரு படி கூடத் தருவீங்களாம். உங்க வயல நட்டவங்களுக்கு அரைப்படி தரமாட்டீங்களாமே?"

பஞ்சநதம் ஐயா முகத்தைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க முகம் சிவந்துகொண்டே போயிற்று.

"கேட்டவுடனே குடுத்தா பயந்துட்டான்னு சொல்லுவாங்கன்னு..." என்று இழுத்தார்.

"சொல்ல மாட்டோம்" என்றார் கண்ணுசாமி அண்ணன், அதே தாழ்ந்த குரலில். "ஐயா நனைஞ்சிட்டாருன்னுதான் சொல்லுவோம்."

அடியிலிருந்து யாரோ சிரித்தார்கள். அப்புறம் பஞ்சநதம் ஐயாவே சிரித்துவிட்டார், ஆடியில் சிரித்த அதே சிரிப்பு. "அரைப்படி. விடிஞ்சதும் வாங்க" என்றார்.

புயல் கடைசி நேரத்தில் வழி மாறி வடக்கே போய்விட்டது. கொட்டியது அந்த ஒரு பாட்டம் மழைதான். வெயில் அடித்தது, குறுவை கட்டுக்கட்டாகக் களத்துக்கு வந்தது. கட்டு அடிக்க இடமில்லாமல் நடுவில் என் படகு நின்றது. இதைத் தூக்கித் தண்ணீரில் போடுங்கள், வெள்ளம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று ஆளாளுக்குச் சத்தம் போட்டார்கள்.

பஞ்சநதம் ஐயா டிராக்டரை மாட்டினார். சரிவில் டிரெய்லர் ஓடிவிடாமல் பிடித்துக்கொள்ள முப்பது பேரும் கூடவே வந்தார்கள். வலம் என்று பாதிப் பேரும் இடம் என்று பாதிப் பேரும் கத்த, அவர் எல்லோரையும் வைதுகொண்டே பின்னால் எடுத்தார். தியாகு பின்கயிற்றை முதல் ஆளாக அவிழ்த்துவிட்டு என்னைப் பெருமையாகப் பார்த்தார்.

நான் சேலையைச் செருகிக்கொண்டு முன்கயிற்றைப் பிடிக்கப் போனேன். கயிறு முழுக்கக் கைகள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்து பார்த்தேன். எனக்குப் பிடிக்க இடமே இல்லை.