ஒரே ஆட்டம், இரண்டு வீடு

கடையில் அவளுக்கு சிசிடிவி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது, அதைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. அது வீடியோ கேம் விற்கும் கடை. சுவர் முழுக்கப் பளபளவென்று அடுக்கியிருக்கும் பெட்டிகள் எல்லாமே காலிப் பெட்டிகள். டிஸ்க்குகளை உருவி, மெல்லிய காகித உறையில் போட்டு, கவுன்டருக்குப் பின்னால் உள்ள இரும்பு டிராயர்களில் செருகி வைத்திருப்பார்கள். யாராவது காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தால், டிராயரைத் திறந்து அதற்கான டிஸ்க்கைத் தேடி எடுத்துப் போட்டுத் தர வேண்டும். டிராயர் சாவியும் பொறுப்பும் அவளிடம்.

பதினோரு வருஷ அனுபவம். யார் சட்டைக்குள் கையை விட்டுக்கொண்டு நடக்கிறான், யார் கீறல் விழுந்த டிஸ்க்கைத் துடைத்துப் புதுசு என்று தலையில் கட்டப் பார்க்கிறான், எவன் பெட்டிக்குள் வேறு டிஸ்க்கை வைத்துத் திருப்பித் தருகிறான், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவள் காதில் பூச்சுற்ற ஒருத்தன் இனிமேல்தான் பிறந்து வரவேண்டும். “சொந்தத் தம்பியையே விடாதவங்க, பாத்து நடந்துக்கோங்க” என்று பில் போடும் பெண் புதிதாகச் சேருகிறவர்களிடம் சொல்லிவைப்பாள். அது காதில் விழுந்தாலும் விழாததுபோல இவள் அந்தப் பக்கம் போய்விடுவாள்.

தம்பி விஷயம் இருக்கட்டும். முதலில் புருஷன் விஷயம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வாசலில் எல்லோரும் ஆடிப்பார்க்க வைத்திருக்கும் மெஷின் மக்கர் செய்தது. கடைப் பெயரில் இருக்கும் லாகின் கணக்கைப் போட்டால் திறக்கவில்லை. மேனேஜர் அன்றைக்கு வரவில்லை. ஒரு நாளைக்குத்தானே என்று அவள் தன் சொந்தக் கணக்கைப் போட்டுத் திறந்தாள். திரையின் ஓரத்தில் அவளுடைய நண்பர் பட்டியல் வந்து நின்றது. மொத்தம் நாலே பேர். மூன்று பேர் பெயர் மங்கிக் கிடந்தது. நாலாவது பெயர் புருஷனுடையது, பக்கத்தில் பச்சைப் புள்ளி. துறைமுகம் கட்டுகிற ஆட்டத்தில் இருக்கிறார் என்று கீழே எழுதியிருந்தது. மணி பத்து ஐம்பது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். அந்த நேரத்துக்கு ஏதாவது ஒரு கட்டிடத்தில் கிரீஸும் கையுமாக இருக்க வேண்டிய மனுஷன். அவள் உடனே போன் போட்டாள். பின்னால் இரும்பில் சுத்தியல் அடிக்கிற சத்தம் கணகணவென்று கேட்டது. நாலாவது மாடியில் குழிக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கிறேன், என்ன அவசரம் என்று கத்தினார். ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டாள். திரையைப் பார்த்தாள். பச்சைப் புள்ளி அப்படியே இருந்தது.

வேறு யாராக இருந்தாலும், எவனோ பாஸ்வேர்டைத் திருடிவிட்டான் என்று நினைத்து அதை மாற்றிவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். இவள்தான் சிசிடிவி ஆயிற்றே. இவளுக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது.

இரண்டு வருஷமாக அவர் டிஸ்க் வாங்குவதில்லை. பெண்டாட்டி கேம் கடையிலேயே வேலை பார்க்கிறாள், ஊழியர் தள்ளுபடி உண்டு, எதைக் கேட்டாலும் சாயங்காலம் கைப்பையில் போட்டுக் கொண்டுவருவாள். அவரோ ஒவ்வொரு ஆட்டத்தையும் முழு விலை கொடுத்து இன்டர்நெட்டில் டவுன்லோடாக வாங்கினார். ஏன் என்று கேட்டால், எழுந்து போய் டிஸ்க் மாற்றச் சோம்பலாக இருக்கிறது என்பார். லிஃப்ட் வேலை செய்யாத கட்டிடங்களில் படியேறிப் படியேறியே சம்பாதிக்கிற ஆளுக்கு நாலடி நடக்கச் சோம்பலாம்! அப்போதே மூக்கில் வியர்த்திருக்க வேண்டும். அவளும் புருஷன்தானே என்று விட்டுவிட்டாள்.

இப்போது கணக்காகப் புரிந்தது. டிஸ்க் என்பது ஒன்றுதான். இந்த வீட்டில் இருந்தால் அந்த வீட்டில் இருக்காது. டவுன்லோடு அப்படி இல்லை. ஒரு தடவை வாங்கினால் போதும், அதே கணக்கைப் போட்டு இன்னொரு மெஷினிலும் இறக்கிக்கொள்ளலாம். சாயங்காலம் இங்கே விட்ட இடத்திலிருந்து காலையில் அங்கே தொடரலாம். இதைத் தினமும் பத்துப் பேருக்குக் கவுன்டரில் நின்று விளக்குகிறவளே அவள்தான். இரண்டு வீடு வைத்திருக்கிறவனுக்கு டவுன்லோடு எவ்வளவு சௌகரியம் என்று மட்டும் அவளுக்குத் தோன்றியதில்லை.

புதன்கிழமை அவளுக்கு அரை நாள். அவர் வருவதற்கு முன்னால் வீட்டுக்கு வந்து, அவருடைய மெஷினைத் திறந்து, அந்தத் துறைமுகத்துக்குள் நுழைந்தாள். முந்தின நாள் சாயங்காலம் அவர் ஆடும்போது துணி மடித்துக்கொண்டே அரைக்கண்ணால் பார்த்திருந்தாள். அப்போது ஆற்றின் குறுக்கே ஒன்றும் கிடையாது. இப்போது ஒரு பாலம் நின்றது. சும்மா ஏனோதானோ என்று போட்ட பாலம் இல்லை, இரண்டு பக்கமும் விளக்கு வைத்து, ஒவ்வொரு தூணுக்கும் நிறம் அடித்து, ஆசை ஆசையாகக் கட்டிய பாலம். அவளுடைய புருஷன் மொத்தத் துறைமுகத்தையும் ஒரே சாம்பல் நிறத்தில் கட்டுகிற ஆள்.

பாலத்தின் முனையில் பலகைகள் நட்டிருந்தார்கள். இந்த ஆட்டத்தில் பலகை நட்டு அதில் எது வேண்டுமானாலும் எழுதிவைக்கலாம். முதல் பலகையில் ‘சாப்டாச்சா?’ என்று இருந்தது. அடுத்ததில் ‘ஆச்சு. நீ தூங்கினியா?’ மூன்றாவதில் ‘பாலம் புடிச்சிருக்கா?’

அவள் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டாள். நீ தூங்கினியாவாம்! அவளிடம் அவர் கடைசியாக அப்படிக் கேட்டது எந்தக் காலத்தில்? கோபத்தைவிட அழுகைதான் முதலில் வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு, மெஷினை அணைத்து, கன்ட்ரோலரை அவர் வைக்கிற கோணத்திலேயே சோபா ஓரத்தில் வைத்தாள்.

சாயங்காலம் அவர் வந்தார், ஆட்டத்தைத் திறந்தார், பாலத்தைப் பார்த்தார். பார்த்து, தனக்குள் சிரித்துக்கொண்டார். கல்யாணமான புதிதில் அவளைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு. யாரைப் பார்த்துச் சிரிப்பு என்று கேட்டாள். பாலம் நல்லா வந்திருக்கு என்றார். எப்போ கட்டினீங்க என்றாள். நேத்துதான் என்று முகத்தைத் திருப்பாமலே சொன்னார். ஒன்பது வருஷம் குடித்தனம் பண்ணியவர், கண் இமைக்காமல் பொய் சொன்னார். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் தாமதமாக வருவாரே, எங்கேயோ லிஃப்ட் மாட்டிக்கொண்டது என்பாரே, அந்த லிஃப்டெல்லாம் எந்த வீட்டு மாடியில் மாட்டிக்கொண்டது என்றும் இப்போது தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. சண்டை போட்டால் பூசி மெழுகிவிடுவார். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும், அதுதான் அவள் தொழில்.

மறுநாள் கடையில் கூட்டம் இல்லாத நேரம் பார்த்து, செய்யக்கூடாத காரியம் ஒன்றைச் செய்தாள். கடையின் எல்லாக் கிளைகளுக்கும் பொதுவான வாடிக்கையாளர் பட்டியல் கம்ப்யூட்டரில் இருக்கும். வேலை இல்லாமல் அதில் ஆளைத் தேடினால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். அவள் புருஷனுடைய போன் நம்பரை அடித்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், வேறொரு கிளையில், ஒரு கேம் மெஷின். வீட்டுக்கு டெலிவரி. முகவரி அவர்கள் வீட்டு முகவரி இல்லை. அதற்குமேல் ஒரு எழுத்தும் அவள் கண்ணில் படவில்லை. முகவரியை உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை உடம்பு சரியில்லை என்று கடைக்குச் சொல்லிவிட்டு, பத்தரை மணிக்கு அந்தக் கட்டிடத்துக்குப் போனாள். மூன்றாவது மாடி. படி ஏற ஏற என்னவெல்லாம் கேட்க வேண்டும் என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனாள். அந்த இன்னொருத்தியை என்ன செய்வது, அவரை என்ன செய்வது, வீட்டை விட்டு யார் போவது என்பது வரைக்கும் வந்துவிட்டாள். வாசலில் ஆண் செருப்பு ஒரு ஜோடி கிடந்தது. உள்ளேயிருந்து துறைமுக ஆட்டத்தின் பாட்டு கேட்டது. கதவைத் தட்டவில்லை, இடித்தாள்.

கதவைத் திறந்தவன் அவளுடைய தம்பி.

இப்போது தம்பி விஷயத்தைச் சொல்லலாம். அவளைவிட ஏழு வயது சின்னவன். அவள் சிபாரிசில்தான் கடையில் சேர்ந்தான். சேர்ந்த ஏழாவது மாதம் சரக்கு சரிபார்க்கையில் இருபத்திரண்டு டிஸ்க்குகள் காணவில்லை, எல்லாம் நன்றாக விற்கிற புது ஆட்டங்கள். டிராயரைத் திறக்கிறவர்கள் இரண்டே பேர், அவளும் அவனும். நான் எடுக்கலக்கா என்று அவன் தலையில் அடித்துக்கொண்டு சத்தியம் பண்ணினான். அவள் மேனேஜரிடம் அவன் பெயரைச் சொன்னாள். அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். மூன்று வருஷம் ஆகிறது, முகத்தில் முழிக்கவில்லை, பேச்சு வார்த்தை இல்லை.

தம்பி இளைத்திருந்தான். கண் சிவந்திருந்தது. குளிர்பதனக் கிடங்கு ஒன்றின் பெயர் போட்ட சட்டையைக் கழற்றாமல் நின்றான். ராத்திரி வேலை முடிந்து வந்து, தூக்கம் வருகிறவரைக்கும் காலையில் ஆடுகிறவன் போலிருக்கிறது.

“மாமா சொல்லிட்டாரா?” என்று கேட்டான்.

அவள் அவனைத் தாண்டி உள்ளே பார்த்தாள். அவனே அவள் முகத்தைப் பார்த்து எதையோ முடிவு பண்ணிக்கொண்டான். ஒதுங்கி வழி விட்டான்.

“சரி, வா. பாத்துக்கோ.”

அவள் என்ன ஏது என்று கேட்பதற்குள் அலமாரியைத் திறந்து துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டான். மெத்தையைத் தூக்கிக் காட்டினான். சமையல் மேடைக்குக் கீழே இருந்த பாத்திரங்களை வெளியே இழுத்துவைத்தான். அவன் குரலில் கோபம் இல்லை. சோதனைக்கு வந்த அதிகாரிக்கு வீட்டைக் காட்டுகிற ஆள் மாதிரி, எதுவும் விட்டுப்போய்விடக் கூடாதே என்ற கவலைதான் இருந்தது.

“ஒரு டிஸ்க் கூடக் கிடையாதுக்கா. மெஷினைப் பாரு, டிஸ்க் போடற வழியே இதுல இல்ல. மாமா நல்லதா வாங்கித் தரேன்னுதான் சொன்னார். நான்தான் இந்த மாடல் போதும்னேன். என் வீட்ல ஒரு டிஸ்க் இருந்தா அது உன் கடையில எடுத்ததுன்னுதானே சொல்லுவ?”

அவள் மெஷினைப் பார்த்தாள். வழவழவென்று ஒரு பெட்டி, எந்தப் பக்கமும் திறப்பு இல்லை. இந்த மாடலை யார் வாங்குவார்கள் என்று கவுன்டரில் அவளே சிரித்திருக்கிறாள். இரண்டு வருஷமாகப் புருஷன் முழு விலை கொடுத்து வாங்கியதெல்லாம் எதற்காக என்று இப்போது தெரிந்தது. வெள்ளிக்கிழமை லிஃப்டெல்லாம் எந்த மாடியில் மாட்டிக்கொண்டது என்பதும் தெரிந்தது. அவளிடம் மறைத்ததும் இதனால்தான். சொல்லியிருந்தால் அவள் இதே மாதிரி வந்து இந்த வீட்டை எண்ணிப் பார்த்திருப்பாள், அது அந்த மனுஷனுக்குத் தெரியும்.

அவள் யாரிடமும் சொல்லாத ஒன்று உண்டு, புருஷனிடமும் சொல்லாதது. தம்பி போன மறுமாதம் டிராயர் ஒன்று சிக்கிக்கொண்டது. முழுசாக இழுத்துக் கழற்றினாள். பின்னால் இருந்த இடைவெளியில் உறை உறையாக டிஸ்க்குகள் விழுந்து கிடந்தன. டிராயரைத் திணித்துத் திணித்து நிரப்பியதில், மூடும்போதெல்லாம் பின்வரிசை எகிறிக் குதித்து உள்ளே விழுந்திருக்கிறது. அப்படி நிரப்பச் சொன்னது அவள்தான். எண்ணினாள், இருபத்திரண்டு. சொன்னால் பொறுப்பு போகும், வேலையும் போகலாம், சொந்தத் தம்பிமேலேயே வீண்பழி போட்டவள் என்ற பேரும் மிஞ்சும். ஒவ்வொன்றாக யாருக்கும் தெரியாமல் டிராயரில் சேர்த்துவிட்டாள். சிசிடிவி என்ற பேர் நிலைத்துவிட்டது.

தம்பி அடுத்து பரணில் ஏற நாற்காலியை இழுத்தான்.

“போதும்டா, இறங்கு” என்றாள். “அந்த டிஸ்க்கெல்லாம் கெடைச்சிடுச்சு. டிராயருக்குப் பின்னால விழுந்து கெடந்துச்சு. யாரும் எடுக்கல.”

அவன் நாற்காலியைப் பிடித்தபடியே நின்றான். “எப்போ கெடைச்சுது?”

“நீ போன மறுமாசம்.”

அவன் அவளை அடித்திருந்தால் தேவலை. ஒன்றும் செய்யாமல் நாற்காலியில் உட்கார்ந்தான்.  திரையில் அவனுடைய பாலத்தின்மேல் வண்டிகள் தங்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. அவள் அழுதாள். மன்னிச்சுடுடா என்று இரண்டு மூன்று தடவை சொன்னாள், அந்த வார்த்தை தன் வாயிலேயே சாரமில்லாமல் இருந்தது.

“இதை வேற யார்கிட்ட சொன்ன?” என்று கேட்டான்.

“உன்கிட்டதான் முதல்ல சொல்றேன்.”

“நான் எடுக்கலன்னு எனக்குத்தான் தெரியுமேக்கா” என்றான் தம்பி. “தெரியாதவங்ககிட்ட சொல்லு.”

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, மேனேஜர் நம்பரைத் தேடி அவள் கையில் வைத்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவன் அந்த நம்பரை எத்தனை தடவை கூப்பிட்டிருப்பான், ஒரு தடவையாவது அவர் எடுத்திருப்பாரா என்று அவளுக்குத் தெரியாது. வேலை போகும் என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது. அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்காமல் போனால் நல்லது என்று ஒரு நிமிஷம் நினைத்தாள், நினைத்ததற்கு வெட்கப்பட்டாள். மேனேஜர் எடுத்து, யார் பேசுவது என்று அதட்டலாகக் கேட்டார்.

“மூணு வருஷத்துக்கு முன்னால நீங்க வேலையை விட்டு அனுப்பினீங்களே, அவனோட அக்கா பேசறேன் சார்” என்றாள்.