முழங்கால் நடை

முழங்காலை மடக்கிக்கொண்டு நடந்தார்கள் என்று ஒரு ஆள் முப்பது வருஷமாகக் காலேஜில் பாடம் நடத்தியிருக்கிறான். பிள்ளைகளும் அதை எழுதி மார்க் வாங்கி, செட் போடுகிறவர்கள் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். நடந்தது முழங்கால் இல்லை. என் வீட்டுக்காரி.

அது ஒரு ராஜா படம். நாற்பது அடி நீளத்துக்கு அரண்மனை நடைகூடம் வேண்டும் என்றார் டைரக்டர். கொட்டகையே முப்பது அடிதான், அதில் கேமராவும் நிற்க வேண்டும். நான் இருபது அடியில் போட்டேன். முன்னால் நிற்கிற தூண் பன்னிரண்டு அடி, கடைசித் தூண் எட்டரை. பின்னால் போகப்போகத் தரை ஏறும், கூரை இறங்கும், சுவர் நெருங்கும். கேமரா இருக்கிற இடத்திலிருந்து பார்த்தால் கண் ஏமாந்துவிடும், கடைசிக் கதவு எங்கேயோ தூரத்தில் இருப்பது போலத் தெரியும். ஆனால் அந்தக் கதவுப் பக்கம் முழு ஆள் ஒருத்தன் நின்றால் போச்சு. அவன் பூதம் மாதிரி இருப்பான், அரண்மனை பொம்மை வீடாகிவிடும். டைரக்டருக்கோ, ஒரு காவல்காரன் அந்தக் கதவைத் திறந்துகொண்டு கேமரா வரைக்கும் நடந்தே வர வேண்டும்.

என் வீட்டுக்காரி சரியாக நாலு அடி. அந்த செட்டில் தூணுக்குத் தங்கத்தாள் ஒட்டிக்கொண்டிருந்தாள். பசைக் கையைக் கழுவச் சொல்லி, காவல்காரன் அங்கியும் தலைப்பாகையும் மாட்டி, மீசையும் ஒட்டிவிட்டேன். கதவைத் திறந்து நடந்து வந்து நடுத்தூணுக்குப் பின்னால் மறைவாள். அங்கே குந்திக்கொண்டிருந்த நடிகன் அதே அங்கியோடு எழுந்து மீதி தூரத்தை நடப்பான். அவனும் கட்டையான ஆள்தான். கண்ணும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். படத்தில் பார்த்தால் ஒரே ஆள் நாற்பது அடி நடந்து வருகிறான்.

"யாரும் வெளியே மூச்சு விடக் கூடாது. ஜனங்க மண்டையை உடைச்சுக்கட்டும்" என்றார் டைரக்டர். நாங்களும் விடவில்லை. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார், கேமராக்காரரும் அந்த நடிகனும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

அந்தப் படத்தில் அசிஸ்டெண்டாக ஒரு பையன் இருந்தான். சட்டைப்பையில் எப்போதும் ஒரு ஸ்கேல் நீட்டிக்கொண்டிருக்கும், அதனால் எங்களுக்கெல்லாம் அவன் ஸ்கேல் தம்பி. நான் தரையில் சாக்பீஸால் கோடு போடுவேன். அவன் பார்த்துத் தாளில் வரைவான். "எழுத்து வேலையை நான் பாத்துக்கறேண்ணே" என்பான். நன்றாகவே பார்த்துக்கொண்டான். எல்லாத் தாளின் அடியிலும் அவன் பேர்தான் இருந்தது. செட்டுக்குப் பரிசு கிடைத்தபோது மேடை ஏறியதும் அவன்தான். அந்தத் தாள்களைக் காட்டியே காலேஜில் வேலைக்குச் சேர்ந்தான். ஒரு புத்தகமும் போட்டான்.

காவல்காரன் நடந்த அன்று மட்டும் அவன் ஷூட்டிங்குக்கு வரவில்லை. அவன் அக்காவுக்குக் கல்யாணம். அதனால் எப்படி நடந்தது என்று அவனுக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாயும் வரவில்லை. நடிகன் நீளமான அங்கிக்குள்ளே முழங்காலை மடக்கி நடந்து, முன்னால் வர வரக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தான் என்றும், அது தான் கண்டுபிடித்த வித்தை என்றும் புத்தகத்தில் எழுதிவிட்டான்.

இதை நான் எப்படித் தெரிந்துகொண்டேன் என்றால், பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தக் காலேஜ் பட்டறையில் தச்சன் வேலை காலி என்று கேள்விப்பட்டு நாங்கள் இரண்டு பேரும் போனோம். அவன் வகுப்பில் இருந்தான். வாசலில் நின்றோம். திரையில் எங்கள் நடைகூடம் ஓடிக்கொண்டிருந்தது. முழங்கால் கதையை நடத்திக்கொண்டிருந்தான். என் வீட்டுக்காரிக்குப் பொறுக்கவில்லை.

"தம்பி, அது நான்தானே" என்றாள்.

நாற்பது பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள். அவனும் பார்த்தான். எங்களை அவனுக்கு நன்றாகவே தெரிந்தது.

"இந்தம்மா அந்த செட்டில பெருக்கிட்டு இருந்தாங்க. வயசாயிடுச்சு, பாவம்" என்றான்.

சிரித்தார்கள். அதற்கப்புறம் டிவியில் அந்தப் படம் வந்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். கழுவின பாத்திரத்தையே மறுபடியும் கழுவுவாள். அவள் போய் நாலு வருஷம் ஆகிறது.

போன மாதம் காலேஜிலிருந்து ஒரு டீச்சரம்மா என் வீடு தேடி வந்தாள். புரொஃபசர் ஓய்வு பெறுகிறாராம். விழா மேடையில் அந்த நடைகூடத்தை அப்படியே போட வேண்டுமாம். புரொஃபசரே கடைசிக் கதவைத் திறந்து, முழங்கால் நடையில் வந்து காட்டப் போகிறாராம்.

"எங்க பட்டறையில யாருக்கும் கட்டத் தெரியலை ஐயா. படம் போடுவாங்க, ஆணி அடிக்க ஆள் இல்லை" என்றாள். நல்ல பெண்தான். உண்மையைச் சொன்னாள்.

"என் அளவில போடணுமா, அவர் புஸ்தகத்துல இருக்கற அளவிலயா?"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"அதை அவர்கிட்டயே கேட்டுட்டு வாங்க. புஸ்தகத்துல எந்தப் பக்கமோ, அந்தப் பக்கத்துல கையெழுத்தும் வாங்கிட்டு வாங்க. நாளைக்கு மேஸ்திரி தப்பாப் போட்டான்னு பேச்சு வரக் கூடாது."

மறுநாளே கொண்டுவந்தாள். புத்தக அளவுதான் என்று எழுதி, கீழே வளைத்து வளைத்துக் கையெழுத்துப் போட்டிருந்தான். எனக்கு எழுத்து கூட்டித்தான் படிக்க வரும். நம்பர் நன்றாக வரும். பார்த்தேன். தூணும் கதவும் என் அளவுதான். தரையின் ஏற்றத்தில் கோட்டை விட்டிருந்தான். நான் போட்டது பன்னிரண்டு அடிக்கு ஒரு அடி. அவன் எழுதியது ஆறு அடிக்கு ஒரு அடி. நான் போட்டதைப் போல இரண்டு மடங்கு சரிவு. அதில் அறுபது வயசுக்காரன் முழங்காலை மடக்கி இறங்கப் போகிறான்.

என் மகள் நாடகக் கம்பெனிகளுக்குத் திரை தைக்கிறவள். விழாவுக்கான காவல்காரன் அங்கியை அவள்தான் தைத்தாள். சரிவின் கணக்கைச் சொன்னதும் மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, இது விழுந்துருமே."

"எது?"

"எதுன்னு கேக்கறீங்க பாருங்க. அந்த ஆளு."

"தரையில மெத்தை மாதிரி ஜமக்காளம் விரிச்சிருக்கேன். எலும்பு ஒண்ணும் உடையாது."

"ஒரு வார்த்தை சொல்லிடலாமே."

"உங்கம்மா ஒரு வார்த்தை சொன்னாளே. என்ன ஆச்சு?"

அவள் மெஷின் பக்கம் திரும்பினாள். அங்கியின் ஓரத்தை மடித்து, இரட்டைத் தையல் போட்டாள்.

விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் அவன் வந்தான். தலை நரைத்திருந்தது. ஸ்கேல் இல்லை, அந்த இடத்தில் தங்கப்பேனா இருந்தது. எங்கே உட்கார்ந்து பார்க்க வேண்டுமோ அங்கே நாற்காலி போட்டு வைத்திருந்தேன். உட்கார்ந்தான். கண் ஏமாந்தது.

"அப்படியே இருக்குண்ணே. அதே படம்."

"புஸ்தகத்துல உள்ளபடி, சார்."

"சார் ஒரு தடவை நடந்து பாத்துடலாமே, ரிகர்சல் மாதிரி" என்றாள் டீச்சர்.

"முப்பது வருஷமா நான் நடத்தற பாடம்மா இது. எனக்கே ரிகர்சலா?"

மேடைமேல் காலைக்கூட வைக்காமல் போனான். என் நாக்கு நுனியில் வார்த்தை வந்தது, பொய் சொல்ல மாட்டேன். வீட்டுக்காரி கழுவினதையே கழுவி வரிசையாகக் கவிழ்த்து வைத்த பாத்திரங்களை நினைத்துக்கொண்டேன். வார்த்தை உள்ளே போய்விட்டது.

விழா காலையில். அரங்கு நிறைந்திருந்தது, பழைய மாணவர்கள் வேறு. நானும் மகளும் மூன்றாவது வரிசை. பேசினார்கள், பேசினார்கள், அப்படிப் பேசினார்கள். பிறகு திரை விலகியது. நடைகூடத்தைப் பார்த்ததும் கைதட்டு. தூரத்தில் அந்தக் கதவு திறந்தது.

வந்தான். முதல் இரண்டு அடி, குள்ளக் காவல்காரன்தான், குறை சொல்ல முடியாது. மூன்றாவது அடியில் சரிவு அவனை முன்னால் தள்ள, தாங்க முடியாமல் விறைத்து நிமிர்ந்தான். எட்டரை அடித் தூணுக்குப் பக்கத்தில் முழு ஆள். காவல்காரன் பூதமானான். முன்வரிசையில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அவன் சட்டென்று முழங்காலை மறுபடியும் மடக்கினான். பூதம் குள்ளனானது. மறுபடியும் தள்ளிற்று, மறுபடியும் பூதம். அரங்கு முழுக்கச் சிரிப்பு. நடுத்தூணைப் பிடித்தான். தூண் பிளைவுட், அது என்ன செய்யும், கூடவே ஆடியது. அங்கிக்குள் கால் சிக்கி, உட்கார்ந்த வாக்கில் சறுக்கி முன்தூண் வரைக்கும் வந்து நின்றான்.

அடியெல்லாம் படவில்லை. அங்கேயே உட்கார்ந்துகொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"மேஸ்திரி சரிவைத் தப்பாப் போட்டுட்டார். படிக்காத ஆளு, டிராயிங் புரியலை. நான்தான் பாத்திருக்கணும்."

இதைத்தான் எதிர்பார்த்தேன். எழுந்து மேடைக்குப் போனேன். புத்தகத்தை டீச்சரிடம் கொடுத்தேன், டேப்பையும் கொடுத்தேன்.

"நான் படிக்காதவன். நீங்க படிச்சு, நீங்களே அளந்து சொல்லுங்கம்மா."

அளந்தாள். ஒரு நூல் பிசகவில்லை. கையெழுத்துப் போட்ட பக்கத்தையும் அவளே தூக்கிக் காட்டினாள். சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் அடங்கியது. பழைய மாணவன் ஒருத்தன், தாடிக்காரன், எழுந்து நின்றான்.

"அப்போ படத்துல எப்படி நடந்தாங்க?"

"சாரைக் கேளுங்க. அவர் கண்டுபிடிச்ச வித்தை."

ஸ்கேல் தம்பி என்னைப் பார்த்தான். "நீங்களே சொல்லுங்கண்ணே" என்றான், மெதுவாக.

"சொல்றேன். அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்கன்னு முதல்ல சொல்லுங்க."

"விடுங்கண்ணே, எல்லாரும் பாக்கறாங்க."

"அன்னிக்கு உங்க வகுப்புலயும் நாப்பது பேர் பாத்தாங்க."

கொஞ்ச நேரம் ஜமக்காளத்தின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான். "நான் அன்னிக்கு செட்டுல இல்லை. அக்கா கல்யாணம்."

"எப்படி நடந்தாங்கன்னு தெரியுமா?"

"தெரியாது."

அதற்கப்புறம் நான் சொன்னேன். நாலு அடி, தங்கத்தாள், ஒட்டு மீசை, நடுத்தூணுக்குப் பின்னால் குந்தியிருந்த நடிகன், எல்லாவற்றையும். நம்பாதவர்களுக்காக என் மகளைக் கூப்பிட்டேன். அவளும் அம்மா உயரம்தான். அங்கியை அவன் கழற்றிக் கொடுக்க, அவள் இடுப்பில் தூக்கிச் செருகிப் போட்டுக்கொண்டு கதவிலிருந்து நடந்தாள். சரிவில் பார்த்துப் பார்த்துத்தான் கால் வைத்தாள். தூரத்தில் ஒரு காவல்காரன் நிமிர்ந்து நடந்து வந்தான். யாரும் சிரிக்கவில்லை.

"ஐயா, அவங்க பேர் என்ன?" என்று தாடிக்காரன் கேட்டான்.

சொன்னேன். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். ஸ்கேல் எழுதவில்லை. எழுந்திருக்கப் பார்த்தான்.

"உக்காருங்க சார். பேனாவை எடுங்க" என்று புத்தகத்தை அவன் மடியில் வைத்தேன். "முழங்காலை அடிங்க. அவ பேரை எழுதுங்க. பெருக்க வந்தவ இல்லைன்னும் எழுதுங்க."

அடித்தான். எழுதினான். நான் எழுத்து கூட்டிப் படித்துப் பார்த்தேன். சரியாக இருந்தது.

"மன்னிச்சிடுங்கண்ணே" என்றான்.

நான் டீச்சர் பக்கம் திரும்பினேன். "லைப்ரரில இந்தப் புஸ்தகம் எத்தனை இருக்கும்மா?"

"பதினாலு இருக்கும் ஐயா."

"எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

அவன் டீச்சரைப் பார்த்தான். டீச்சர் அவன் முகத்தைப் பார்க்காமல் இரண்டு பேரை அனுப்பினாள். கொண்டுவந்து அடுக்கினார்கள். நான் எனக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். வெளியே டீ ஆறிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் பாதிப் பேர்கூட எழுந்து போகவில்லை.

ஒன்பதாவது புத்தகத்தை முடித்ததும் பேனாவை வைத்துவிட்டு விரலை உதறினான்.

"கை வலிக்குதுண்ணே."

"இன்னும் அஞ்சு இருக்கு, தம்பி" என்றேன்.