பக்கத்து சீட்டு பிரேக்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். இருபத்திரண்டு வருஷமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவனுக்கு வேறெங்கே இருக்கும்? திரும்புவதற்கு விளக்கைப் போடச் சொன்னால் வைப்பரைப் போடுகிற ஜனங்கள். ஆனாலும் எங்கள் பயிற்சிக் காரில் இதுவரை ஒரு கீறல் விழுந்ததில்லை. காரணம், பயிற்சியாளர் சீட்டுக்கு முன்னால் இருக்கும் இரண்டாவது பிரேக்கும் என் காலும்தான். இதை வாய் ஓயாமல் எல்லோரிடமும் சொல்வேன்.

போன வாரம் இடுப்பு பிடித்துக்கொண்டது. டாக்டர் வலிக்கு ஒன்று, தசைப்பிடிப்புக்கு ஒன்று என்று மாத்திரை எழுதிக்கொடுத்து, "இது தூக்கம் வரவைக்கும். வண்டி ஓட்டாதீங்க" என்றார். டிரைவிங் ஸ்கூலை நடத்துகிற என் மனைவியின் அண்ணனும் அதையே பிடித்துக்கொண்டார்.

"நாலு நாள் லீவு போடுங்க மாப்ள."

"நான் எங்க மச்சான் ஓட்டறேன்? ஓட்டறது அவங்க. நான் சும்மா உக்காந்துதானே வரப் போறேன்!"

இந்த மூளை வேறு யாருக்கு வரும்?

மறுநாள் காலை இரண்டு மாத்திரையையும் விழுங்கிவிட்டுப் போனேன். எட்டு மணிக்கு டெய்லரம்மா வந்தார். தெருக்கோடியில் ஒரு பிளாஸ்டிக் பை பறந்தாலே பிரேக்கில் கால் வைக்கிற ஆள். அதற்காகவே மூன்று மாதமாக என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறார். அன்றைக்கு அவர் கியர் மாற்றியபோது எழுந்த அலறல்கூட எனக்கு இனிமையாகக் கேட்டது.

"பிரமாதம்மா" என்றேன்.

"சார், உடம்பு சரியில்லையா?"

"ஏன்மா?"

"திட்டவே மாட்டேங்கறீங்களே. பயமா இருக்கு."

எனக்கு ஒன்றுமில்லை. வலி போன இடம் தெரியவில்லை. யார் கேட்டிருந்தாலும், தலை தெளிவாக இருக்கிறதென்று சத்தியம் செய்திருப்பேன். ஜன்னல் வழியாக வெயில் இதமாக விழுந்தது.

சந்து முனையிலிருந்து ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. பின்னால் அடுக்கடுக்காக முட்டை அட்டைகள். முன்கம்பியில் பள்ளிச் சீருடையில் ஒரு சின்னப் பெண். நான் பிரேக்கை ஓங்கி மிதித்தேன். சைக்கிளுக்கு ஒரு முழம் முன்னால் கார் குலுங்கி நின்றது.

கண்ணாடியை இறக்கிக் கத்தினேன். "கண்ணு பிடரியிலயா இருக்கு? நான் மட்டும் சமயத்துல பிரேக் போடலைன்னா என்ன ஆயிருக்கும்?"

முட்டைக்காரர் காலை ஊன்றி அட்டைகளைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெண் என்னையே உற்றுப் பார்த்தாள்.

"அப்பா, அந்த அங்கிள் சம்மணம் போட்டு உக்காந்திருக்காரு."

குனிந்து பார்த்தேன். இரண்டு காலும் சீட்டின் மேல் மடங்கிக் கிடந்தன. செருப்புகள் கீழே, பிரேக்குக்குப் பக்கத்தில். எப்போது கழற்றினேன், எப்போது காலைத் தூக்கி வைத்தேன், ஒன்றும் தெரியாது. மிதித்தது மட்டும் நன்றாக நினைவிருந்தது. மிதித்த அழுத்தம்கூட உள்ளங்காலில் இருந்தது.

அந்தப் பெண்ணின் பின்னல் ஒன்று பாதி அவிழ்ந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவர்கள் தெருவைத் தாண்டிப் போகும்வரை.

டெய்லரம்மா காரை ஓரம்கட்டினார். சாவியை உருவித் தன் பையில் போட்டுக்கொண்டு மச்சானுக்குப் போன் செய்தார். பத்தே நிமிஷத்தில் மச்சான் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்.

"என்ன ஆச்சு மாப்ள?"

நான் வாய் திறப்பதற்குள் டெய்லரம்மா முந்திக்கொண்டார். "ஒண்ணுமில்லைங்க. ஒரு சைக்கிள் குறுக்க வந்துடுச்சு. சார்தான் டக்குனு பிரேக் போட்டாரு."

இத்தனை திட்டு வாங்கிய மனுஷி என் மானத்தைக் காப்பாற்றுகிறார். நான் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் செருப்பைத் தேடினேன்.

மச்சானுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அதானே! மாப்ள கால் இருக்கறப்போ என்ன கவலை? ஒன்பது மணி ஆளு வந்து காத்திட்டிருக்காரு. போலாமா?"

தலையை ஆட்டினால் போதும். இருபத்திரண்டு வருஷப் பெயர் அப்படியே இருக்கும்.

"இல்ல மச்சான்" என்றேன். "பிரேக் போட்டது அவங்க. நான் கண்ணத் தொறந்துக்கிட்டே தூங்கிட்டிருந்தேன்."