சுவரில் விழுந்த நிழல்

எங்கள் த்ரில்லர் படம் மொத்தமே பத்து நிமிஷம். பார்க்கிறவர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும் என்று, முகமூடிக் கொலைகாரனுக்காக மட்டும் நாலு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கேமரா பிடித்த தடியன் ஒரே ஷாட்டில் எல்லாவற்றையும் கெடுத்தான். ஹீரோயினுக்குப் பின்னால் சுவரில் அவன் நிழல் விழுந்திருந்தது.

"கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். எடிட்டிங் செய்த சீனியர் அக்காவிடம், "அந்த நிழலை வெட்டுங்க. டைட்டில்ல இவன் பேரையும் வெட்டுங்க" என்றேன்.

கல்லூரி அரங்கில் படம் ஓடியபோது நான் திரையைப் பார்க்கவில்லை, முகங்களைப் பார்த்தேன். பாதிப் பேர் போனை நோண்டிக்கொண்டிருந்தார்கள். பற்றிக்கொண்டு வந்தது. திடீரென்று அரங்கமே மூச்சை இழுத்தது. திரும்பினேன். சுவரில் அந்த நிழல் நகர்ந்துகொண்டிருந்தது.

"வெட்டச் சொன்னேன்ல அக்கா?" என்று பல்லைக் கடித்தேன்.

"எனக்கே அங்கதான்டா பயம் வந்துச்சு. போனெல்லாம் உள்ள போயிடுச்சு பாரு."

அதற்கப்புறம் ஒருவரும் அசையவில்லை. என் முகமூடிக்காரன் குதித்தபோதுதான் சிரித்தார்கள்.

விளக்கு போட்டதும் சார் எழுந்தார். "அந்த நிழல் பிரமாதம். கேமரா யாரு? டைட்டில்ல பேரே காணோமே?"

அக்காவை முறைத்தேன். நான் சொன்ன இரண்டில் இதை மட்டும் ஏன் கேட்டுத் தொலைத்தாள்?

கடைசி வரிசையில் தடியன் தலையைக் குனிந்துகொண்டான். பக்கத்தில் அவன் அம்மா இன்னும் வெறும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உன் பேரு எப்பப்பா வரும்?"