இன்றைக்கு ஊசி வேண்டாம்

...ஒரு பேச்சில் நிற்கிற ஆள் இந்தக் காலத்தில் எவனும் இல்லை, காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, கேட்டால் நிலைமை மாறிவிட்டது என்பான், இந்தப் பூனை டாக்டரம்மா மட்டும் என்ன, முதலில் இன்சுலின் ஒரு யூனிட் என்றாள், பிறகு இரண்டு, மூன்று என்று ஏற்றினாள், கிழவரும் தன் பூனை துரைக்கு அப்படியே போட்டார், பிறகு படிப்படியாக இறக்கினாள், இன்றைக்குப் போனில் சொல்கிறாள், "ஐயா, சர்க்கரை நூறுக்குக் கீழ வந்துருச்சு, இன்னிக்கு ஊசியே வேணாம்." வேண்டாமாம், சொல்லிவிட்டாள், மகராசி. "ஏம்மா, அளவென்ன உங்க இஷ்டமா?" என்று கேட்டதற்கு, "நான் மாத்தல ஐயா, துரையோட உடம்பு மாறுது, சில பூனைக்குக் கணையம் திரும்ப வேலை செய்ய ஆரம்பிச்சிடும், இப்பப் போய் ஊசி போட்டீங்கன்னா வலிப்பு வந்து செத்துடும்" என்றாள். செத்துடும் என்று எவ்வளவு லேசாகச் சொல்கிறாள்... மருந்து கொடுத்தால் சாகுமாம், கொடுக்காவிட்டால் பிழைக்குமாம், யார் காதில் பூச்சுற்றுகிறாள்? கிழவர் குளிர்பெட்டியைத் திறந்து மருந்துக் குப்பியை எடுத்து உள்ளங்கைகளுக்கு நடுவே மெதுவாக உருட்டினார், குலுக்கக் கூடாது, அதையும் அவள்தான் சொன்னாள், அது மட்டும் இன்றுவரை மாறவில்லை.

ஆலையில் கொதிகலன் பார்த்தவர் அவர், முள் எதைக் காட்டினாலும் கண்ணாடியை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார், இந்தச் சர்க்கரை மீட்டரில் தட்ட என்ன இருக்கிறது, அதனால் ஒரு சொட்டு ரத்தத்துக்காகத் துரையின் இன்னொரு காதிலும் குத்தினார், பாவம், அது சிணுங்கக்கூட இல்லை, பழகிவிட்டது. போனில் அவளிடம் சொன்னது தொண்ணூற்றிரண்டு, இப்போது எண்பத்தெட்டு, பார்த்தாயா, ஒரே பூனை, ஒரே ரத்தம், ரெண்டு பேச்சு! "அதுதான் ரெண்டு தடவையும் நூறுக்குக் கீழன்னு காட்டுதே, அப்புறம் என்ன வீம்பு உங்களுக்கு?" என்றாள் மனைவி, அடுப்பிலிருந்து திரும்பாமலே. "நீ சும்மா இரு. நோயாளியைக் கைவிடறப்ப இப்படித்தான் ஆரம்பிப்பானுங்க." "யாரை யாரு கைவிட்டா? ஒரு பூனைக்கு ஊசி போடலைன்னா வானமா இடிஞ்சு விழும்?" அவளுக்கு மறந்துவிட்டது, இவருக்கு மறக்குமா... அண்ணனுக்கும் இப்படித்தான், ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைக்கோட்டுக்காரன் கட்டிலருகே வந்து, இதே சாந்தமான குரலில், இனிமேல் ஊசி எதுவும் வேண்டாம், வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்றான், அண்ணன் முகம் மலர்ந்து, "டேய், எனக்குச் சரியாயிடுச்சுடா" என்றான், இவரும் தலையாட்டினார், தலையாட்டிய பிறகுதான் புரிந்தது. இன்னொரு முறை தலையாட்ட மாட்டார், அது பூனையே ஆனாலும். ஊசியைக் குப்பியில் செருகி இழுத்தார், ஒரு யூனிட், அதற்கு மேல் ஒரு சொட்டு இல்லை, காற்றுக்குமிழியைச் சுண்டி வெளியேற்றினார்.

"துரை, வாடா." கழுத்துத் தோலைக் கிள்ளித் தூக்கக் கையை நீட்டினார்... துரை அங்கே இல்லை. எங்கே போய்த் தொலைந்தான், தூரமாகப் போகிற கால்களா அவை, சர்க்கரை ஏறியதிலிருந்து பின்னங்கால்களைக் குதிகாலோடு தரையில் தேய்த்துத்தானே நடக்கிறான், நாற்காலியில் ஏறக்கூட இவர்தான் தூக்கிவிட வேண்டும், கட்டிலுக்கடியில் இருப்பானோ என்று குனிந்தபோது தலைக்கு மேலே ஏதோ உரசியது, நிமிர்ந்தார், சன்னல் திண்டில் துரை, வெளியே ஒரு குருவியைப் பார்த்துத் தாடையை நடுக்கிக்கொண்டு. "நீயா தூக்கி வச்ச?" "என் கையில கரண்டி இருக்கு, கண்ணு தெரியலையா?" என்றாள் அவள். அண்ணன் அன்றைக்கு வீட்டுக்கு வந்தபோது நாலு பேர் தூக்கினார்கள், அதற்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை... இவன் எழுந்திருக்கிறான், இவன் எப்படி ஏறினான்? ஊசி கையில் அப்படியே நின்றது, துரை திரும்பி அதைப் பார்த்தான், வழக்கமாக அதைக் கண்டதும் கழுத்தைத் தாழ்த்துகிறவன், இன்றைக்குக் கொட்டாவி விட்டான்.

கிழவர் தொட்டிப் பக்கம் போய் ஊசியின் பிஸ்டனை அழுத்தினார், ஒரு சின்னச் சொட்டு, தண்ணீரோடு போயிற்று. "என்ன, நம்பிட்டீங்களா?" "யாரு நம்பினா? சாயங்காலம் மறுபடி காதுல குத்துவேன், அப்ப தெரியும் அந்தம்மாவோட வண்டவாளம்" என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கினார், ஒரு சன்னல் ஏறிவிட்டால் ஆயிற்றா, அதுவும் இவ்வளவு தாழ்ந்த சன்னல், நாளைக்கும் ஏறட்டும், அப்புறம் பேசுவோம்... இருந்தாலும், ஒருத்தரைக் கைவிடாமலும் மருந்தை நிறுத்துவார்களா என்ன? தெருமுனை வரைக்கும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை.