கரையாத சீனி

ஆர்த்தியின் முதல் கேக் ஆர்டர் அது. ஆர்கானிக் சீனிதான் போட வேண்டும் என்று கேட்டிருந்த டீச்சர், ஐந்து மணிக்கு வாங்க வந்துவிடுவார். பழுப்பாகப் பருபருவென்றிருந்த அந்தச் சீனியோ வெண்ணெயோடு சேராமல் அடம்பிடித்தது. அதுவரை சுட்ட இரண்டு கேக்கும் நடுவில் குழிந்துபோயின.

"சீனிய மிக்ஸியில பொடிச்சுப் பாக்கட்டுமாங்க?"

"பொடி. நான் சலிச்சுத் தாரேன்" என்றான் அவள் கணவன் மகேஷ்குமார். பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து சலித்துக் கலக்குகிறவன்; அன்று அவனுக்கு லீவு.

காகிதத்தை விரித்து, சல்லடையை உரசாமல் மெல்லத் தட்டித் தட்டிச் சலித்தான். பொடியை விரலிடையே எடுத்துப் பார்த்தான்.

"இன்னும் நெறுநெறுங்குது. மறுபடி பொடி."

"மணி நாலாச்சு. இது ஒண்ணும் வெடிக்காதுங்க, வெரசாத்தான் சலிங்களேன்."

"கை பழகிருச்சு தாயி, என்ன செய்யச் சொல்லுத?"

மூன்றாம் சலிப்பில் பொடி மாவாக இழைந்தது. வெண்ணெயும் நுரைத்துப் பொங்கியது. கேக்கை ஓவனில் வைத்துவிட்டு இருவரும் அதன் கண்ணாடிக் கதவின் முன் குந்தினார்கள். இருபதாவது நிமிடத்தில் கேக்கின் நடுப்பகுதி மெல்ல உப்பியது.

"எந்திரிக்குதுங்க."

அவள் சொல்லி முடிக்குமுன் மகேஷ்குமார் அவள் கையைப் பிடித்து இரண்டடி பின்னால் இழுத்துவிட்டான்.

ஆர்த்தி சிரித்த சிரிப்பில் டீச்சர் அடித்த வாசல் மணியே கேட்கவில்லை. கேக் குழியாமல் குவிந்து நின்றது.